குசினிக்குப் போன குடிசை

வீட்டுக்குள் கடற்கரை செய்யும் யோசனை என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பிறகு நடந்தவற்றைக் கேட்பவர்கள், நான் அதற்கு எதிராக நின்றவன் என்று நினைத்துவிடுவார்கள். என் மனைவி இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்கு அடுத்த வருடம் அது. மகளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு தீவில் பிறந்த பிள்ளை, கடலைக் கண்டதில்லை. மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நாலு மணித்தியாலத்தில் கடல் வந்துவிடும். ஆனால் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது பாதைகள் நல்லாயில்லை. பாதைகள் திறந்து, சண்டையும் நின்ற பிறகு, நான் நல்லாயில்லை. இன்றைக்குக் காய்ச்சல், நாளைக்குக் கந்தோரில் வேலை, அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

கடைசியில், கடல் வந்த அந்த மார்கழியில்தான், நத்தார் விடுமுறைக்கு வான் பிடித்தோம். என் மனைவியின் தங்கை திருகோணமலையில் இருக்கிறாள். கணவருக்கு வங்கியில் வேலை. வீடு கடலிலிருந்து நல்ல தூரம். விடியமுன் கிளம்பினால் காலையிலேயே கடலில் கால் நனைக்கலாம் என்பது மகளின் திட்டம். நான் வானின் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் காற்றுக் குறைவாகப் பட்டது. காற்றடிக்கக் கடை திறக்கவேண்டும். திறக்கும்வரை எல்லோரும் சாப்பிடலாம் என்றேன். கொஞ்சத் தூரம் போனதும் காஸ் அடுப்பை மூடினேனா என்று சந்தேகம் வந்து வானைத் திருப்பினேன். மூடித்தான் இருந்தது. மகள் பின் சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள்.

கந்தளாய்க்குக் கிட்டப் போகும்போது எதிரே வந்த லொறிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கடல் ஊருக்குள் வந்துவிட்டது, போகாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். காலையிலேயே குடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்து வந்த பஸ்காரரும் அதையே சொன்னார். வானைத் திருப்பினோம். மைத்துனி வீட்டில் எல்லோரும் சுகம் என்ற செய்தி மறுநாள்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பயத்துக்கு ஒரு தனி மரியாதை வந்தது. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே பாவித்தேன் என்று நினைக்கிறேன். மகள் சைக்கிள் கேட்டால் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வானின் சக்கரத்தை நினைவுபடுத்தினால் போதும். ஒருநாள் நான் குளித்துவிட்டு வர நேரமானது. “அப்பா லேட்டானா சும்மா ஆக மாட்டாரு. பாத்ரூம்ல பூமி அதிர்ச்சியா இருக்கும்” என்று தாயும் மகளும் பேசிக்கொண்டது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

நான் நீர்ப்பாசனத் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். வில்கமுவ, லக்கல என்று வாய்க்கால் பார்க்கப் போகிற வேலை. மோட்டார் சைக்கிளில் போகும்போது பாதைக்குக் குறுக்கே யானை நின்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அது போகும்வரை இருந்துவிட்டுப் போவேன். அதெல்லாம் பழகிவிட்டது. யானைக்குப் பயப்படாத மனிதன் ஒரு பலூனுக்குப் பயப்படுகிறானே என்று மனைவி கேட்பாள். பலூன் வெடித்தால் பிள்ளையின் கண்ணில் படாதா என்று நான் கேட்பேன்.

அந்தத் தை மாதம் எங்களில் சிலரைத் திருகோணமலைக்கு அனுப்பினார்கள். கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்புத் தண்ணீரால் நிறைந்து கிடந்தன. அவற்றை இறைத்து, ஊறவிட்டு, உப்பை அளந்து, மறுபடியும் இறைக்கவேண்டும். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், இறைத்தோம். கிணறுகளுக்குள் தண்ணீரைத் தவிர என்னென்ன இருந்தன என்பதை வீட்டிலும் சொன்னதில்லை, இங்கும் எழுதப்போவதில்லை.

அடுத்த ஆகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது மைத்துனி தொலைபேசியில் கேட்டாள். மகளைத் தன்னிடம் அனுப்பும்படி, வரப் பயமென்றால் தானே வந்து கூட்டிப்போவதாக. மகள் என்னிடம் கெஞ்சவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, “போகட்டாப்பா?” என்று மட்டும் கேட்டாள். அவள் கெஞ்சியிருந்தால் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன்.

அதற்கு முதல் கிழமை குளத்து வேலையாகச் சீகிரியாப் பக்கம் போனபோது, ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி கண்டேன். உள்ளே மணல், கல், சின்னச் சின்னச் செடிகள். அதற்கு டெறேரியம் என்று பெயர், வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளே வைத்திருப்பார்கள் என்று அங்கே வேலைசெய்த பெண் சொன்னாள். மகள் கதவடியில் நின்றபோது அதுதான் என் வாயில் வந்தது. போகத் தேவையில்லை, கடற்கரையையே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“வேணாங்க. ஏற்கெனவே ஒருதரம் அது வீட்டுக்கு வந்துதான் இவ்வளவும்.”

மகள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

டவுனில் மீன் தொட்டி ஒட்டுகிற கடையில் இரண்டு அடி நீளத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். அடியில் சரளைக் கல், அதற்குமேல் கரித்துண்டு, அதற்குமேல் கொஞ்சம் மண், எல்லாவற்றுக்கும் மேலே மணல். தண்ணீர் வடிவதைப் பற்றியதென்பதால் இந்த இடம் வரைக்கும் நான்தான் முதலாளி. மணலில்தான் முதல் சிக்கல். எங்கள் ஊர் ஆறான சுது கங்கையின் மணல் சும்மா கிடைக்கும். ஆனால் அது வீடு கட்டுகிற மணல், கடற்கரை மணல் வெள்ளையாக இருக்கவேண்டும் என்றாள் மகள். மைத்துனி ஒரு பால்மா டின் நிறைய மணல் நிரப்பி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினாள். நடுவழியில் சோதனைச் சாவடியில் டின்னைத் திறந்து பார்த்த சிப்பாய், மாத்தளையில் மணல் இல்லையா என்று கேட்டானாம். இருக்கிறது, ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு அது பிடிக்காது என்று கண்டக்டர் பதில் சொன்னாராம்.

வந்த மணலை மூன்று வாளித் தண்ணீரில் அலசினேன். உப்பு இருந்தால் செடி பட்டுப்போகும். அலசிய தண்ணீரில் உப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, கந்தோரிலிருந்து உப்பு அளக்கும் மீற்றரைக் கொண்டுவந்து குசினித் தொட்டியில் விட்டேன். கிணறுகளில் விட்ட அதே மீற்றர். அது காட்டிய அளவு குடிக்கலாம் என்றது. “அப்ப நாளைக்கு அதுலயே டீ போடவா?” என்று மனைவி கேட்டாள். மறுபடியும் ஒருமுறை அலசினேன்.

கற்றாழைக் கன்றும் இரண்டு குட்டிக் கள்ளிகளும் மகள் தன் தோழி வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். தொட்டிக்கு மூடி போடவேண்டும் என்றேன். ஈரம் இருக்கும் இடத்தில் நுளம்பு முட்டையிடும், நுளம்பு வந்தால் டெங்கு வரும். கண்ணாடிக் கடைக்கு மறுபடி போய் ஒரு மூடி வெட்டிவந்து போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டிக்குள் ஒன்றும் தெரியவில்லை. நாலு பக்கக் கண்ணாடியிலும் வெள்ளையாகப் பூத்து, கடற்கரை முழுவதையும் மூடுபனி மறைத்திருந்தது.

“இது கடற்கரை இல்லப்பா” என்றாள் மகள். “ரிவர்ஸ்டன்.”

எங்கள் மாவட்டத்திலேயே பனி மூடிக் கிடக்கும் உச்சி அது. பார்க்கப்போனால், மாத்தளைக்காரன் செய்கிற கடற்கரை அப்படித்தான் இருக்கும். மூடியை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்தது கடல். மின்சாரம் போகும் நாட்களுக்கு என்று சேர்த்துவைத்த மெழுகுதிரிகளை உருக்கி, அதில் நிறம் கலந்து தொட்டியின் ஒரு பக்கத்தில் ஊற்றினால் கடலாகிவிடும் என்பது மனைவியின் யோசனை. அவள் எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். கடலைப் பற்றி அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று நான் கேலி செய்தேன். அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. மகள் நீலக் கிறெயோன்களை வரிசையாக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, கடல் இதுல எந்த நீலம்?”

நான் வடக்கே வடமராட்சியில், கடலுக்கு முந்நூறு மீற்றர் தள்ளிப் பிறந்தவன். பள்ளிக்கூடம் விட்டால் கரையில்தான் இருப்போம். திருகோணமலையில் மூன்று கிழமை நின்றவன். ஆனால் அந்த மூன்று கிழமையும், கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு முதுகைக் காட்டித்தான் வேலை செய்தேன். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையில் போய் இருந்தார்கள். நான் கந்தோர் வானுக்குள் இருந்து சாப்பிட்டேன். அந்தப் பிள்ளை கேட்ட நேரத்தில் எனக்கு ஒரு நிறமும் ஞாபகம் வரவில்லை. எல்லா நீலமும்தான் என்று மழுப்பினேன். அவள் கொஞ்சம் பச்சையும் சேர்த்தாள். மனைவி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, மெழுகு கருகுகிறது என்றாள். அவ்வளவுதான். வழக்கமாக விடமாட்டாள்.

கடல் நன்றாகவே வந்தது. விளிம்பில் வெள்ளை மெழுகைச் சொட்டவிட்டு நுரையும் செய்தார்கள். அடுத்த நாள் மகள் ஈர்க்கில் ஒரு குடிசை செய்து கொண்டுவந்து, அந்த நுரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் அதை எடுத்துக் கள்ளிக்குப் பின்னால் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் அதை மறுபடியும் நுரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கந்தோரால் வந்து நான் மறுபடியும் எடுத்தேன். மூன்றாவது நாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

“ஏம்ப்பா நகத்துறீங்க?”

கரையில் வீடு கட்டக்கூடாது என்று விளக்கினேன். அந்த வருடம் கரையோரத்தில் இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் விதி போட்டிருந்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் இருநூறு மீற்றர். அது பொம்மை வீடு என்றாள் மகள். பொம்மை வீடானாலும் பழக்கம் ஒன்றுதான் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். குடிசை இரண்டு அங்குலம். அசல் குடிசை பத்து அடி என்று வைத்தால், ஓர் அங்குலத்துக்கு ஐந்து அடி. இருநூறு மீற்றர் என்பது ஏறக்குறைய அறுநூற்றைம்பது அடி. அப்படியென்றால் நூற்று முப்பது அங்குலம்.

“தொட்டியே ரெண்டு அடிதானேங்க?” என்றாள் மனைவி.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே தையல் பெட்டியைத் திறந்து நாடாவை எடுத்துவிட்டாள். மகள் நாடாவின் ஒரு நுனியை நுரையில் பிடித்துக்கொள்ள, தாய் மறு நுனியோடு நடந்தாள். ஐந்தடி வரும்போது நாடா முடிந்தது. அந்த இடத்தில் ஒரு செருப்பை அடையாளம் வைத்துவிட்டு மறுபடி பிடித்தார்கள். ஹோலைத் தாண்டி, குசினிக் கதவைத் தாண்டி, அரிசி வாளியடியில் போய் முடிந்தது. மனைவி குடிசையைக் கொண்டுபோய் அரிசி வாளியின் மூடிமேல் வைத்தாள்.

“அய்யாவோட சட்டப்படி இவங்க இங்கதான் குடியிருக்கணும். மீன் புடிக்கப் போறதுன்னா பஸ் ஏறிப் போகட்டும்.”

இருவரும் குசினி வாசலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடிசை மட்டும் அரிசி வாளிமேலேயே இருந்தது. சோறாக்க அரிசி எடுக்கும்போது மனைவி அதைத் தூக்கி ஜன்னலில் வைப்பாள், எடுத்து முடிந்ததும் திரும்ப வைப்பாள். தொட்டிக்குக் கொண்டுபோகவில்லை. நானும் கொண்டுபோகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மகளின் மேசையில் பேனா தேடும்போது, அவளுடைய கிறெயோன் பெட்டிக்குள் களிமண்ணில் செய்த மூன்று ஆட்களைக் கண்டேன். இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை. சாயமும் பூசியிருந்தது. பெரியவர்களில் ஒருவருக்கு என்னைப் போலவே நெற்றி ஏறியிருந்தது. இவர்களை ஏன் கடற்கரையில் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“வச்சா நீங்க எடுத்துருவீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் உடுப்பை எடுக்கவேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு பெட்டியை மூடிக்கொண்டே, “சித்தி வீட்டுத் தம்பிக்கு நாலு வயசுதான்ப்பா. அவன் தினமும் சாயங்காலம் கடலுக்குப் போறானாம்” என்றாள்.

அதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. கிணறு இறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டு அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் பின்னேரம் விளையாடப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விடயமில்லை. ஆனால் என் தலைக்குள் அந்தக் கரை தை மாதத்திலேயே நின்றுவிட்டது. அதைக் கழுவி, உப்பு நீக்கி, ஆளில்லாமல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இதுதான் கடல், பார் என்று பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாப்பிடும்போது, இரண்டு நாளைக்குப் போய் வரலாம் என்றேன். எல்லோரும் சேர்ந்து. பகலில்தான் பயணம். வெயில் ஏறமுன் கடலுக்குப் போய், ஏறினதும் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். அலை வித்தியாசமாகத் தெரிந்தால் நான் சொன்ன உடனே எல்லோரும் ஓடவேண்டும், சாமான் சட்டு ஒன்றையும் எடுக்கக்கூடாது. இன்னும் ஏதோ சொன்னேன். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடலுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். என்னைக் கேலி செய்ய இவ்வளவு கிடைத்தும் விட்டுவிட்டாளே என்று நினைத்தேன்.

போனோம். காஸ் அடுப்பை ஒருதரம்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மைத்துனி எங்களைக் கரைக்குக் கூட்டிப்போனாள். ஆகஸ்டில் அந்தப் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும். தூரத்தில் சிலர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனியின் மகன் எங்களைத் திரும்பியும் பாராமல் ஓடித் தண்ணீரில் விழுந்தான். என் மகள் ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். கடல் என்ன நிறம் என்று அவள் இப்போது கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் பார்த்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு, இந்த முறை நேராக.

அவளுடைய தாய் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். வீதியோரம், நாங்கள் வந்த திரீவீலர் நின்ற இடத்தில், வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் நாலு பேருடைய செருப்பையும் கையில் வைத்திருந்தாள். திரீவீலர் போகவில்லை. போகவேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். மகளைச் சித்தியிடம் விட்டுவிட்டு மேலே போனேன்.

“நீங்க போங்க. நான் செருப்பப் பாத்துக்கிறேன்.”

“இந்தச் செருப்பை ஆர் களவெடுக்கப்போகினம்?” என்றேன். எனக்குப் பதற்றம் வந்தால்தான் ஊர்த் தமிழ் வரும் என்று எப்போதும் சொல்லிக் காட்டுவாள். அன்றைக்கு மற்றக் கையால் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். 

எட்டு மாதமாக இந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நான் பயந்துகொண்டு, அவள் சிரித்துக்கொண்டு. அன்று வானைத் திருப்பியபோது அவளும் உள்ளேதான் இருந்தாள். தங்கையின் செய்தி வரும்வரை ஒரு பகலும் ஓர் இரவும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வேப்ப மரத்தடியில் நிற்கும்போதுதான் விளங்கியது. கீழே போவோமா என்று கேட்கவில்லை. செருப்பில் இரண்டு சோடியை வாங்கிக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

கீழே மகள் ஒரு காலை வைத்து எடுத்தாள். பிறகு இரண்டு காலும். சித்தி அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். அலை வந்து கணுக்காலைச் சுற்றிப் போனதும் அவள் திரும்பி எங்களைத் தேடினாள்.

“அப்பா! இன்னும் கொஞ்சம் போகட்டா?”

மனைவியின் பிடி இறுகியது. என் வாயில் வந்தது வேறு. ஆனால் கரைவலைக்காரர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நாலு வயதுப் பயல் கழுத்தளவில் உட்கார்ந்து தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான்.

“முழங்கால் மட்டும்!” என்று கத்தினேன்.

அவள் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற சித்தியின் முழங்காலைப் பார்த்தாள். என் மைத்துனி அந்தக் குடும்பத்திலேயே உயரமானவள். இருவரின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் கடல் இருந்தது.

“யாரோட முழங்காலுப்பா?”

என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனைவி சிரிக்கிறாள். அழுகையும் அதோடு கலந்துதான் வந்தது, ஆனாலும் சிரிப்புத்தான். “உங்க மகதாங்க அது, சந்தேகமே இல்ல” என்றாள். “சொல்லுங்க, புள்ள காத்துக்கிட்டு நிக்குது. யாரோட முழங்கால்?”

அவளைப் பார்த்தேன். கடலைப் பார்த்தேன்.

“சித்தியோடது” என்றேன்.